அரை நாள் சீனியர்

15-6-1992, திங்கள்

பள்ளி திறந்து இரண்டு வாரமாகிறது. மூன்றாவது பீரியட் முடித்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தால் ஒரே பேச்சு. இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் நம் உயர்நிலைப் பள்ளி மேல்நிலைப் பள்ளியாகிவிடும் என்று எச்.எம். சொர்ணம் அம்மா சொன்னாராம். வரலாற்றுக்கு ஒரு முதுகலை ஆசிரியர் இடம் வரும். ஒன்றே ஒன்று. எம்.ஏ. முடித்தவர்களில் சீனியர் யாரோ அவருக்கு.

பள்ளியில் வரலாறு எடுப்பவர்கள் இரண்டே பேர். நான், புஷ்பா. இரண்டு பேருக்கும் எம்.ஏ. கிடையாது. இருவரில் நான்தான் சீனியர், அரை நாள்.

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. 1979 ஜூன் 11. ஒரே நாளில்தான் வேலையில் சேர வந்தோம். அவள் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அன்று நல்ல காய்ச்சல், நிற்க முடியவில்லை. "நீங்க முதல்ல கையெழுத்து போட்டுடுங்கக்கா, நான் அப்பால போட்டுக்கறேன்" என்றாள். நான் போட்டு முடித்ததும் அப்போதிருந்த எச்.எம். ஏதோ மீட்டிங்குக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்போது மணி இரண்டு. என் பெயருக்கு எதிரே முற்பகல், அவள் பெயருக்கு எதிரே பிற்பகல். அன்றிலிருந்து பதிமூன்று வருஷமாக வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு அடுத்த வரி அவளுடையது.

எம்.ஏ. படிக்கலாமா? முப்பத்தேழு வயதில்?

17-6-92

கீழ் வீட்டு பக்தவத்சலம் சாரிடம் கேட்டேன். நான் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர், அவரும் வாத்தியார். எம்.ஏ., எம்.எட். இரண்டும் வைத்திருக்கிறார். "பட்டம் ரெண்டும் செவுத்துல தொங்குதும்மா, நான் இன்னும் ஆறாம் கிளாஸ்ல தொங்கிகினு கீறேன்" என்றார். அவர் பள்ளியில் காலியிடமே வரவில்லையாம். ஆனால் உங்கள் பள்ளியில் இடம் வருவது நிச்சயம் என்றால் விடாதே என்றும் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். வேலையில் இருந்துகொண்டு படிப்பதானால் சேருவதற்கு முன்பே எச்.எம். வழியாக எழுதிப் போட்டு முன் அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் பதவி உயர்வுக்குச் செல்லாது. யாரோ ஒருத்தர் படித்து முடித்த பிறகு அனுமதி வாங்கினாராம், ஆனால் அது அவருடைய அதிர்ஷ்டம் என்றார்.

20-6-92, சனி

ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். லட்சுமணன் அண்ணன் ஃபேக்டரியிலிருந்து வந்து பனியனோடு உட்கார்ந்திருந்தான். சங்கரன்கோவிலிலிருந்து என்னைக் கூட்டி வந்து பி.எட். படிக்க வைத்தவன் அவன்தான். எம்.ஏ. என்றதும் பேப்பரை இறக்கவேயில்லை. "படிச்சு என்ன செய்யப் போறே? யாருக்குச் சேர்க்கப் போறே?" என்றான்.

பார்வதம் அண்ணி அவனை முறைத்தாள். எனக்காக அப்பளம் பொரித்தாள். யாருக்குச் சேர்க்கப் போறே என்பது அண்ணனுக்குச் சாதாரணக் கேள்வி. நான்தான் அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கி வீடு வரும் வரை அதையே மென்றுகொண்டு வந்தேன்.

24-6-92, புதன்

இன்று புஷ்பாவிடம் கேட்டேவிட்டேன். வழக்கம்போல லேபுக்குப் பின்னால் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தோம். திருவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்தாலும் அவள் பாக்ஸில் மட்டும் எப்போதும் இரண்டு கறி இருக்கும், ஒன்று எனக்கு.

"நமக்கு எதுக்குக்கா அதெல்லாம்? ஊட்டுக்குப் போனா ரெண்டு பசங்க, அவரு, மாமியாரு. படிக்கச் சொல்லோ அடுப்பு தீஞ்சிகினு இருக்கும்" என்றாள். அவள் வீட்டுக்காரர் கன்னியப்பனுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை. வேலை இருந்தால் ஓவர்டைம், இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து அவளை விரட்டுவார்.

நானும் "ஆமாம், நமக்கு எதற்கு" என்றேன். மனதுக்குள் ஒரு நிம்மதி. அவள் படிக்கவில்லை என்றால் போட்டியே இல்லை. அடுத்த நிமிஷமே வெட்கமாக இருந்தது. சாயங்காலம் வெட்கத்தோடேயே அம்பத்தூர் போஸ்ட் ஆபீசுக்குப் போய் அஞ்சல் வழி எம்.ஏ.வுக்கு விண்ணப்பப் படிவம் கேட்டு எழுதிப் போட்டேன்.

8-7-92

முன் அனுமதிக்கு மனு எழுதி மூன்று நாளாகப் பையில் வைத்திருக்கிறேன். எச்.எம்.மிடம் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதற்கப்புறம் அது தபால் பதிவேட்டில் ஏறும். க்ளார்க் ரிட்டயரான பிறகு அந்தப் பதிவேடு புஷ்பாவிடம். வெளியே போகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் எண், தேதி, பொருள் என்று அழகான கையெழுத்தில் எழுதுவாள்.

சொர்ணம் அம்மாவுக்கு மறதி அதிகம். போன வாரமே போயிருக்க வேண்டிய கடிதத்தை இந்த வாரம் கொண்டு வந்து நீட்டுவார். அதற்காக புஷ்பா அங்கங்கே எண்ணை மட்டும் போட்டு ஒரு வரியைக் காலியாக விட்டு வைப்பாள். "ரிசர்வேஷன் பண்ணிக் கீறேன்க்கா" என்று கண்ணடிப்பாள்.

என் மனு வந்தால் அவளே எழுத வேண்டும்: கஸ்தூரி, எம்.ஏ., முன் அனுமதி வேண்டுதல். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? "நமக்கு எதற்கு" என்று சொல்லி இரண்டு வாரம்தானே ஆகிறது.

9-7-92

இன்றும் கொடுக்கவில்லை.

15-7-92

படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டேன். மனு பையிலேயே இருக்கிறது. அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாரோ ஒருத்தருக்குக் கிடைத்ததே.

நானே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறேன், முதலில் தலைப்பு, பிறகு பத்தி என்று.

13-9-92, ஞாயிறு

இன்று யாரிடமும் பேசவில்லை. பால்காரரிடம் "நாளைக்கு அரை லிட்டர் போதும்" என்றது தவிர.

முதல் பாடப் பொட்டலம் வந்தது. சைக்ளோஸ்டைல் தாள், மை கையில் ஒட்டுகிறது. விடியற்காலையில் கார் ஷெட்டிலிருந்து ரயில்கள் கிளம்புகிற சத்தத்தில் எழுந்து படிக்கிறேன். பதிமூன்று வருஷமாக அதே பாடப்புத்தகத்தின் அதே பதினாறு பக்கங்கள். இப்போது அந்தப் பக்கங்களுக்குப் பின்னால் இவ்வளவு இருந்திருக்கிறது என்று தெரிகிறபோது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. சொல்லக்கூடிய ஒருத்தியிடம் சொல்ல முடியாது.

25-10-92, தீபாவளி

அண்ணன் வீட்டில். அவனுக்குத் திருச்சி ஃபேக்டரிக்கு மாற்றல். மார்ச்சில் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார்கள். "நீயும் மாத்தல் கேளு" என்றான். உதவி பெறும் பள்ளியில் ஏது மாற்றல்? அவனுக்குத் தெரியாததல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான்.

26-12-92, சனி

எப்படி எழுதுவது இதை.

அரையாண்டு லீவில் அஞ்சல் வழி எம்.ஏ.வுக்கு நேரடித் தொடர்பு வகுப்பு, சேப்பாக்கத்தில். புஷ்பாவிடம் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவள் மாமனாரின் திவசம், உறவுக்காரர்கள் வருகிறார்கள், பத்து நாள் வீட்டை விட்டு நகர முடியாது என்று சொல்லியிருந்தாள்.

ஹாலுக்குள் நுழைந்து மூன்றாவது வரிசையில் பார்த்தால் அந்தப் பச்சைப் புடவை. நான் எடுத்துக் கொடுத்த புடவை. மடியில் அதே சைக்ளோஸ்டைல் தாள்கள்.

அவளும் திரும்பிப் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு இடம் காலியாகத்தான் இருந்தது. நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் தெரியாது.

வெளியே வரும்போது பஸ் ஸ்டாப்பில் அவளாகவே பக்கத்தில் வந்தாள். எப்போது சேர்ந்தாய் என்று கேட்பாள் என்று நினைத்தேன். ஏன் மறைத்தாய் என்று கேட்டிருந்தாலும் நானும் கேட்டிருப்பேன், அழுது முடித்திருப்போம். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"முன் அனுமதி வாங்கிட்டியாக்கா?"

"ஆச்சு" என்றேன்.

ஏன் சொன்னேன்? தபால் பதிவேட்டை எழுதுகிறவளே அவள். என் மனு அதில் ஏறவில்லை என்பது அவளை விட யாருக்குத் தெரியும்? வாங்கவில்லை என்று தெரிந்தே கேட்பவளிடம் பொய் சொன்னேன். "அப்டியா" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அவள் வாங்கியிருப்பாள். அவளே மனு எழுதி, அவளே எண் போட்டு, அவளே அனுப்பியிருப்பாள். என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கத்திரிக்காய்க் கறி வைத்துக்கொண்டே. கள்ளி.

நான் மட்டும் என்னவாம்?

4-1-93

மத்தியானம் லேபுக்குப் பின்னால் போனேன். புஷ்பா வரவில்லை. கணக்கு டீச்சர்களோடு ஸ்டாஃப் ரூமிலேயே சாப்பிட்டுவிட்டாளாம்.

5-1-93

இன்றும்.

11-1-93

இப்போதாவது மனுவைக் கொடுத்துவிடலாம் என்று எச்.எம். அறை வரை போனேன். உள்ளே புஷ்பா பதிவேட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "ஆச்சு" என்று சொன்ன வாயோடு அவள் முன்னால் அந்தத் தாளை எப்படி நீட்டுவது? சாக்பீஸ் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

28-3-93, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் திருச்சிக்குப் புறப்பட்டார்கள். லாரியில் சாமான் ஏற்றி முடித்ததும் பார்வதம் அண்ணி என் கையில் ஒரு ஊறுகாய் ஜாடியைக் கொடுத்தாள். "தனியா இருக்கோம்னு சாப்பிடாம இருக்காத கஸ்தூரி" என்றாள். ரயிலில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

2-4-93

காய்ச்சல். பக்தவத்சலம் சார் வீட்டிலிருந்து ரசம் வந்தது. பள்ளியில் நான் வரவில்லை என்று யாராவது கேட்டிருப்பார்களா? என் வரிக்கு எதிரே லீவு என்று எழுதும்போது அடுத்த வரிக்காரி பார்த்திருப்பாள்.

19-5-93

முதல் வருஷப் பரீட்சை இன்றோடு முடிந்தது. ஒரே ஹால். என் இடத்திலிருந்து அவள் முதுகு தெரிந்தது. இரண்டு தரம் கூடுதல் தாள் வாங்கினாள். நான் மூன்று தரம் வாங்கினேன்.

14-11-93

நேற்று தீபாவளி. வீட்டில்தான் இருந்தேன். வேறொன்றும் இல்லை.

22-9-94

ரிசல்ட். இரண்டாம் வகுப்பு. கையில் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கீழே போய் பக்தவத்சலம் சாரிடம் காட்டினேன். அவர் மனைவி சர்க்கரை கொண்டு வந்து வாயில் போட்டார். அண்ணனுக்குக் கார்டு எழுதினேன்.

புஷ்பாவும் பாஸ். ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். என் முன்னால் வந்ததும் தட்டை நீட்டினாள், நான் எடுத்துக்கொண்டேன். "உனக்கும்தானேக்கா" என்றாள். "ஆமாம்" என்றேன். இருபத்தொரு மாதத்தில் இதுதான் எங்கள் பேச்சு.

7-6-95, புதன்

ஆணை வந்துவிட்டது. இந்த வருஷமே ப்ளஸ் ஒன். மைதானத்துக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் எம்.ஏ. இருக்கிறது. இரண்டு பேரில் நான் சீனியர், அரை நாள்.

எல்லாரும் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். முன் அனுமதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

3-7-95

எச்.எம். கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் என் ஃபைல். முன் அனுமதி நகல் எங்கே என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம். இல்லை என்றேன். எங்கே என்று மறுபடி கேட்டார். வாங்கவே இல்லை என்றேன். சொர்ணம் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் கஸ்தூரி, ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேனே. யாரு உன்னை வேணாம்னு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

பின்னேற்புக்கு, அதாவது படித்து முடித்த பிறகு தரும் அனுமதிக்கு, எழுதிப் பார்க்கிறேன் என்றார். பத்து நாள் காத்திருக்கச் சொன்னார்.

13-7-95

முடியாது என்று பதில். இடம் புஷ்பாவுக்கு.

எனக்கு நானே செய்துகொண்டது. அவளைத் திட்டிப் பார்த்தேன், திட்டு நிற்கவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன் எனக்காகப் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தவளிடம் ஒரு தாளைக் கொடுக்க எனக்கு என்ன அவ்வளவு கூச்சம்? அவள் ஜெயித்துவிடுவாள் என்ற பயம்கூட இல்லை. நான் ஜெயிக்க ஆசைப்படுகிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். அவளுக்கும் அதே பயம்தான் இருந்திருக்கும். அவள் பயந்துகொண்டே மனுவையும் கொடுத்தாள், நான் கொடுக்கவில்லை.

17-7-95, திங்கள்

புஷ்பா புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டாள். அங்கே தனி வருகைப் பதிவேடு. இங்கே என் பெயருக்கு அடுத்த வரியில் இப்போது தையல் டீச்சர்.

தபால் பதிவேட்டை இனி நான் எழுத வேண்டும் என்று எச்.எம். சொல்லிவிட்டார். பழைய பதிவேடுகளும் சேர்த்து நான்கு. காலி வரிகளை எல்லாம் ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒழுங்கு செய்யச் சொன்னார், ஆடிட் வருகிறதாம்.

18-7-95

ஐந்தாவது பீரியட் ஓய்வு. பழைய பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ரத்து, ரத்து என்று எழுதிக்கொண்டே வந்தேன். 1992 ஜூலை.

எண் 214. தேதி 6-7-92. பொருள்: திருமதி புஷ்பா, எம்.ஏ. அஞ்சல் வழி, முன் அனுமதி வேண்டுதல்.

அதற்கு அடுத்து எண் 215. அதே தேதி. மற்றக் காலி வரிகளைப் போல இது வெறுமனே இல்லை. பொருள் கட்டத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது: கஸ்தூரி அக்கா, எம்.ஏ., முன் அனுமதி.

பென்சில் எழுத்து. மையில் எழுத என் மனு வரவேண்டும் என்று விட்டு வைத்திருக்கிறாள். நான் விண்ணப்பம் கேட்டு எழுதியது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அந்த டிசம்பரில் பஸ் ஸ்டாப்பில் "வாங்கிட்டியாக்கா" என்று கேட்டது இதை வைத்துக்கொண்டுதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பள்ளி திறந்த அன்றே பழைய தேதியில் அந்த வரி நிரம்பியிருக்கும். இடம் எனக்கு வந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும்.

அழித்திருக்கலாமே? மூன்று வருஷத்தில் ஒரு ரப்பர் கிடைக்கவில்லையா அவளுக்கு?

பெல் அடித்தது கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு லீடர் வந்து கூப்பிட்டாள். போய் நடத்தினேன். ஒரு பெண் எழுந்து, புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. எம்.ஏ.யால் வந்த லாபம் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம்.

19-7-95, புதன்

மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மைதானத்தைத் தாண்டினேன். புது ஸ்டாஃப் ரூமில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. புஷ்பா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மற்ற முதுகலைக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. இங்கே வந்ததிலிருந்து அவளும் தனியாகத்தான் சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

"இருநூத்திப் பதினஞ்சைப் பார்த்தேன்" என்றேன்.

கையிலிருந்த சோற்றைத் திரும்ப பாக்ஸில் வைத்தாள். அம்பத்தூர் போஸ்ட் ஆபீசில் நான் கவரில் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருந்ததை அன்றைக்கே பார்த்தாளாம். அவளும் அதற்குத்தான் வந்திருந்தாளாம். தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டாளாம்.

"கேட்டிருந்தா குட்த்துருப்பேன்க்கா, சத்தியமா. நீ கேக்கலேன்னதும் எனக்கு சந்தோசமாவும் இருந்துச்சு. பொய் இன்னாத்துக்கு?"

பெரிய மனசு பண்ணி, நானும் உனக்கு அப்படித்தான் செய்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"நானாயிருந்தா அந்த வரியை விட்டே இருக்க மாட்டேன் புஷ்பா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். பாக்ஸில் இரண்டு கறி இருந்தது.

திரும்பி வந்து 215க்கு எதிரே மையில் ரத்து என்று எழுதி இன்றைய தேதி போட்டேன். பென்சில் எழுத்தை அழிக்கவில்லை.